சூதாட்டப் படத்துக்குச் சிரிப்பாக ஒரு இரண்டாம் பாகம்: சேலத்தில் குறும்படம் எடுப்பவர்களுக்கு

1989-ல் ஹாங்காங்கில் வந்த 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்' முழுக்கக் கம்பீரமான படம். வோங் ஜிங் இயக்கம், சௌ யுன் ஃபாட் நாயகன். படிய வாரிய தலை, விரலில் பச்சைக்கல் மோதிரம், ஓயாமல் சாக்லேட், மெதுவாக நடந்து வரும் அறிமுகம். அடுத்த ஆண்டே ஸ்டீஃபன் சௌ 'ஆல் ஃபார் த வின்னர்' படத்தில் அந்த நடையையே நகலடித்துச் சிரிக்க வைத்தார். அதே 1990-ல் வந்த 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்' இரண்டாம் பாகத்தில், முதல் படத்தின் சீடனாக நடித்த ஆண்டி லாவோடு ஸ்டீஃபன் சௌவும் சேர்ந்துகொண்டார். குரு ஒதுங்கிக்கொள்ள, சீடனும் கோமாளியும் கதையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சேலத்துப் பசங்கள் இப்படியொரு பத்து நிமிடப் படம் எடுக்க நினைத்தால், முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆட்டத்தின் விதியில் கை வைக்கக் கூடாது. ஆள் எவ்வளவு கோமாளியாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சீட்டு நேர்மையாக விழ வேண்டும். விதி குழம்பினால் பார்ப்பவருக்கு யார் ஜெயிக்கிறார் என்றே தெரியாது. அது தெரியாதவர் சிரிக்க மாட்டார்.

எந்த ஆட்டம்? ரம்மி வேண்டாம். நான்கு பேருக்கு இரண்டு கட்டு, ஜோக்கரோடு 108 சீட்டு. ஆளுக்கு 13 சீட்டு. 13 சீட்டுள்ள கையைத் திரையில் எவராலும் படிக்க முடியாது. மூணு சீட்டுதான் சரி. மூன்றையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்காமல் பந்தயம் வைப்பது), பேக் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது), ஷோ (சீட்டைத் திறந்து காட்டுவது) எல்லாம் இங்கே பலருக்கும் பழகிய சொற்கள்.

முதல் படத்தின் உச்சக் காட்சியில் மோதிரம்தான் துருப்பு. பொய்க்கை (மட்டமான சீட்டை நல்லது போலக் காட்டி மிரட்டுவது) வந்தால் நாயகன் மோதிரத்தைத் தேய்ப்பான் என்று எதிரி கண்டுபிடித்து வைத்திருப்பான். அந்தப் பழக்கமே எதிரியை ஏமாற்ற நாயகன் வேண்டுமென்றே வளர்த்தது என்று கடைசியில் தெரியும். சிரிப்புப் பாகம் இங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். சீடன் கையில் சேலத்து வெள்ளி மோதிரம், ஒரு அளவு சின்னது. தேய்க்கப் போனால் சுற்றவே இல்லை. வியர்க்கிறான், தேங்காய் எண்ணெய் கேட்கிறான். 'தேய்த்தால் பொய்யில்லை' என்று முதல் பாகத்திலேயே பாடம் படித்த வில்லன், இந்தத் தவிப்பையும் நடிப்பு என்று நினைத்துப் பேக் செய்துவிடுகிறான். வில்லன் கையில் ஏஸ், ஏஸ், ராஜா. சீடனிடம் 2, 3, 5, மூன்றும் வேறு வேறு சின்னம். மூணு சீட்டில் அதைவிட மட்டமான கையே கிடையாது.

கணக்கு தெரிந்தவர்தான் இந்த இடத்தில் அதிகம் சிரிப்பார். 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழி. ஏஸ் ஜோடியும் ராஜாவும் இருந்தால், அதை வெல்ல மூன்றும் ஒரே எண்ணான ட்ரையோ, தொடர் எண்ணான சீக்வென்ஸோ, ஒரே சின்னமான கலரோ வேண்டும். மொத்தம் 1,916 கைதான், நூற்றுக்கு ஒன்பதுகூட வராது. பேக் செய்யவே கூடாத கையை வில்லன் போடுகிறான். அதனால் அவன் கையை முன்னாலேயே நெருக்கக் காட்சியில் இரண்டு மூன்று விநாடி நிறுத்திக் காட்டுங்கள். பேக் செய்த பிறகு காட்டினால் சிரிப்பு செத்துவிடும். எண்ணெய்க் கிண்ணத்தையும் முதல் நிமிடத்திலேயே மேசையில் வையுங்கள். தேவைப்படும்போது எங்கிருந்தோ வந்தால் அது ஏமாற்று.

ஒரே அட்டைமுதுகுள்ள மூன்று கட்டு வாங்குங்கள். ஒன்று வரிசைப்படி அடுக்கிப் போடுவதற்கு, ஒன்று நெருக்கக் காட்சிக்கு, மூன்றாவது மடங்கியது கசங்கியதற்கு மாற்று. இதில் நடக்கும் பெரிய தவறு, ஒரே பிரேமில் இரண்டு இஸ்பேடு ராஜா வந்து விழுவது. யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். பளபளக்கும் பிளாஸ்டிக் சீட்டில் விளக்கு பட்டால் வெறும் வெள்ளைதான் தெரியும், காகிதச் சீட்டே போதும்.

நடைக்கு வருவோம். நிஜ ஸ்லோமோஷன் எடுக்காதீர்கள். சாதாரணமாக விநாடிக்கு 25 பிரேமில் கேமராவை வைத்து, சீடனை மட்டும் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். பின்னால் டீ மாஸ்டர் வழக்கமான வேகத்தில் டீ ஆற்றட்டும், டவுன் பஸ் போகட்டும். நடிகர் கண் சிமிட்டுவதைக்கூட மெதுவாகச் செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான். கையிலிருந்து ஒரு நாணயம் தவறினால் அது மட்டும் சட்டென்று தரையில் விழும், அதையே சிரிப்பாக்கலாம். கம்பீரமான முன்கதைக்கு ஒரு நிஜ ஸ்லோமோஷன் ஷாட் தேவைப்பட்டால் 100 பிரேமில் எடுங்கள், ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள். 1/200 வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் விட்டு விட்டு எரியும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால்.

துரத்தலை ஏற்காட்டு மலைப்பாதையில் வைக்கலாம், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வில்லன் கீழே இறங்கித் தப்பிக்க வேண்டிய நேரத்தில், ஏறி வரும் பஸ், ஜீப், காய்கறி வேன் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக ஒதுங்கி நின்றால் துரத்தல் தானாகவே சிரிப்பாகிவிடும். வளைவுகளின் எண் பலகையைக் கவனியுங்கள். கீழே இறங்கும் கார் 6-ஐத் தாண்டி 14-ல் வந்து நின்றால் மானம் போகும். மேலிருந்து கீழே வரிசையாகவே எடுங்கள். முன் அனுமதி வாங்குங்கள், வார நாளில் விடிந்ததும் முடியுங்கள், வளைவின் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம். பனி இறங்கினால் முந்தைய ஷாட்டோடு ஒட்டாது.

பந்தயத்துக்கு நோட்டுக் கட்டு வேண்டாம். நிஜப் பணத்தைப் பொது இடத்தில் சீட்டின் மேல் வைத்தால் 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டம் குறுக்கே வரும். நோட்டு போல அச்சடிப்பதும் குற்றம். நம்மிடம் தட்டுவடை செட் இருக்கிறது, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்த தின்பண்டம். கோடிக்குப் பதில் 'ரெண்டு செட்டு வைக்கிறேன்' என்று வில்லன் அதே கனத்த குரலில் சொல்லட்டும், ஒருத்தரும் முகத்தில் சிரிப்பைக் காட்டக் கூடாது. ரம்மியில் ஒரே எண் சீட்டுகள் சேர்ந்ததும் 'செட்'தான், அதனால் ரம்மி தெரிந்தவருக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆனால் சட்னி தடவிய சில நிமிடத்தில் தட்டுவடை ஊறிப்போகும். அதனால் தட்டுவடை, பீட்ரூட் கேரட் துருவல், இரண்டு சட்னி எல்லாவற்றையும் தனித்தனியே வைத்து, கேமரா ஓடுவதற்கு முன் சேருங்கள். மேசையில் நான்கு செட், ஆறு டேக் என்றால் 24 செட். ஒரு செட்டுக்கு இரண்டு தட்டுவடை, ஆக 48. வரும் வழியில் உடைவதற்கு இன்னும் பத்து சேர்த்து வாங்குங்கள்.