டிட்டோ போட்ட பக்கங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வாரம் என் கைக்கு ஒரு லாக் புக் வந்தது. ஓரமெல்லாம் கரிக்கை ரேகை. உள்ளே தேதி, இயந்திர எண், 'நல்ல நிலை', கையெழுத்து. அடுத்த வரியில் தேதி மட்டும் புதிது, மற்றதெல்லாம் டிட்டோ. பக்கம் பக்கமாக அப்படித்தான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது போலிருக்கிறது என்று நானும் டிட்டோ போட ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு இரவு ஷிப்டில் பம்ப் மோட்டார் எர்த் லீக்கேஜில், அதாவது மின்சாரம் தரைக்குக் கசிந்ததால், டிரிப் ஆகித் தானாக நின்றது. மறுபடி போட்டால் மறுபடியும் டிரிப். விடிவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டாரில் கேபிள் இணையும் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால், கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் வழியாக நீர் கசிந்து, கேபிள் முனையிலுள்ள செம்பு லக்குகளில் பச்சை படிந்திருந்தது. ஒரே நாளில் படிகிற பச்சை இல்லை அது.

எனக்கு முன் அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன நோட்டை எடுத்தார். மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெகர் கருவியில் பார்த்த இன்சுலேஷன் அளவுகள்: 80, 60, 40 மெகா ஓம். அதோடு நின்றிருந்தது. "அதுக்கப்புறம் நீதான் தம்பி பாத்தே. எவ்வளவு இருந்துச்சு, சொல்லு" என்றார்.

என்னிடம் எண் இல்லை. மெகர் வைக்காமல் இல்லை. பெரும்பாலான வாரங்களில் வைத்தேன். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால்தான் ஓட்டக் கூடாது என்று படித்திருந்தேன். முள் அதற்கு மேலே நின்றால் 'நல்ல நிலை'. அது மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்ததை என் புத்தகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது, நான் உட்பட.

அன்று போனது பம்ப் மட்டும்தான். கரி வெட்டும் இடத்துக்கு அருகே இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் பெட்டியான கேட் எண்ட் பாக்ஸ் என்றால் கதை வேறு. அது ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி; அதற்குள் சுரங்கத்தின் மீத்தேன் வாயு நுழையாது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நுழையும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், உள்ளே வெடிக்கும். அந்த வெடிப்பைப் பெட்டி தாங்க வேண்டும். வெளியேறும் சூடான வாயு, மூடியும் பெட்டியும் சேரும் ஃபிளாஞ்ச் இடுக்கு வழியே வருவதற்குள், வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காத அளவுக்குக் குளிர்ந்துவிட வேண்டும். அதற்குத்தான் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அந்த இடுக்கை அளக்கிறோம். ஒரு போல்ட் இல்லாமல் இடுக்கு விரிந்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. 1913இல் வேல்ஸின் செங்ஹெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்மணி சிக்னலின் பொறி காரணமாக இருந்திருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. ஒரு மணியின் பொறி.

அப்புறம் புத்தகத்தில் கட்டங்களைக் கூட்டினேன். மூடியைத் திறக்கும் முன் மின்சாரம் துண்டித்த நேரம், மீத்தேன் அளவு, மெகர் எண், என்ன பழுது, எப்போது சரியானது. முணுமுணுப்பு வராமல் இல்லை. மேலே வந்து குளித்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பழகிய கைகள் அவை. ஒரு மாதப் பதிவும் ஒரே பேனாவில், கரிக்கறை இல்லாமல் இருந்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். சுத்தமான பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்காது.

போன மழைக்காலத்தில், சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன் ஒருவன் எழுதினான்: "பாக்ஸ் 4, மூடியில் ஒரு போல்ட் இல்லை. சப்ளை நிறுத்தி, டேக் போட்டாச்சு." உற்பத்தி நின்ற கோபத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"போல்டைப் போட்டுட்டு எழுதக் கூடாதா? நாளைக்கு யாராவது வந்து இதைப் படிச்சா?"

"படிக்கத்தானே சார் எழுதறோம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

ஸ்டோரிலிருந்து போல்ட் வர மதியம் 2 மணி ஆயிற்று. அடுத்த வரியில் பையன் எழுதியிருந்தான்: "2.40. போல்ட் முறுக்கியாச்சு. கேஜ் நுழையவில்லை. சப்ளை கொடுத்தாச்சு." 40இன் மேல் கரிக்கட்டைவிரல் பதிந்து பாதி மறைந்திருந்தது. அழித்து எழுதச் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டேன்.