அமைதியான நாய் கேட்பவர்கள்

"சத்தம் போடாத, அமைதியான நாயா ஒண்ணு பாத்துக் குடுங்களேன்."

தத்தெடுக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மீட்கப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்றில் தத்துக் கொடுக்கும் பிரிவு என் பொறுப்பு. விண்ணப்பம் படிப்பது, வருகிறவர்களிடம் பேசுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, நாயைக் கொடுத்த பிறகு போன் போட்டு விசாரிப்பது, இவ்வளவுதான் வேலை. அமைதியான நாய் கேட்கிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனால், குரைப்பையும் தாவலையும் தாண்டி நேராகக் கடைசி வரிசையில் போய் நின்றுவிடுவார்கள். குட்டி போடுவதற்கென்றே வளர்க்கப்பட்டு, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்த பெண் நாய்கள் இருக்கும் வரிசை அது. அவை குரைக்காது, கம்பியில் காலை வைக்காது, கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே வராது. "எவ்வளவு சமர்த்து பாருங்க!" என்பார்கள்.

அது சமர்த்து என்று நினைத்து எடுத்துப் போனால் இரண்டு தரப்புக்கும் கஷ்டம். ஆகவே அது பயம் என்று புரியவைப்பதிலேயே என் வேலை நேரத்தில் பெரும்பங்கு போகிறது. நாயைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் "மிக அமைதியானவள்" என்று எழுத நான் யாரையும் விடுவதில்லை. "புது மனிதரைப் பார்த்தால் உறைந்துபோவாள்" என்று எழுதச் சொல்வேன். அப்படி எழுதினால் விண்ணப்பம் குறையும். குறையட்டும்.

இந்த நாய்கள் எங்களிடம் வரும் வழி ஒன்றல்ல. அதிகாரிகள் சோதனையிட்ட நாய்ப் பண்ணைகளிலிருந்து மொத்தமாக வருவதுண்டு. சில சமயம் பிரீடரே, அதாவது குட்டிகளை விற்பதற்காக நாய் வளர்ப்பவரே, போன் செய்வார்: "இனி இதுக்குக் குட்டி நிக்காது, எடுத்துக்கறீங்களா?" அவரைத் திட்டாமல் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். உடன் வேலை பார்ப்பவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. இன்று திட்டினால் அடுத்த நாய்க்கு அவர் போன் செய்யமாட்டார் என்பது என் கணக்கு. எல்லா பிரீடரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. வீட்டுக்குள், சோபாவில் படுத்து வளர்ந்த தாய் நாய்களும் வரும். அவற்றுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்துவிடும். நான் சொல்வது கூண்டிலேயே வாழ்ந்தவற்றைப் பற்றி.

பெண் நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகளைப் பிரிக்க இன்னும் 8 வாரம். ஒரு பருவத்தைக்கூட விடாமல் சேர்த்தால், அந்த நாய் வருடத்தில் பெரும்பகுதி சினையாக இருக்கும், இல்லையென்றால் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். வந்ததும் உடம்பைப் பார்த்தாலே தெரியும். நகம் வளைந்து உள்ளங்கால் சதையில் குத்தியிருக்கும். கம்பி வலைத் தரையிலேயே நின்று விரல்கள் அகன்று, இடுக்கெல்லாம் புண். காதைத் திருப்பினால் நாற்றம், வாயைத் திறந்தால் அதைவிட. சின்ன இன நாய் என்றால் பாதிப் பல்லைப் பிடுங்க வேண்டி வருவதும் உண்டு.

அல்லி என்று நாங்கள் பெயர் வைத்த பீகிள் இன நாய் வந்தபோது அவள் காதில் ஓர் எண் பச்சை குத்தியிருந்தது. பெயர் என்று எதுவும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. மெத்தை போட்டோம், ஏறவில்லை. சிமெண்ட் தரையின் மூலையில், முகத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். தூக்கினால் மரக்கட்டைபோல விறைத்துக்கொள்வாள். தட்டை வைத்துவிட்டு நான் திரும்பி நடந்தாலும் சாப்பிடமாட்டாள். விளக்கை அணைத்து, நடைக்கதவைச் சாத்தி, அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டு நகரும் சத்தம் கேட்கும். இரவு கேமராவில் பார்த்தால் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவாள். அந்த அறை தாராளமானது. அவள் போட்ட வட்டம் மட்டும் பழைய கூண்டின் அளவைத் தாண்டவில்லை.

இப்படி ஒரு நாயைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "ரொம்ப அடிச்சிருப்பாங்களோ?" அடித்தும் இருக்கலாம். ஆனால் பல நாய்களின் விஷயத்தில் அதற்குத் தேவையே இருந்திருக்காது. நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் பருவம் பிறந்த 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரைதான். மனிதர்கள், படிக்கட்டு, விளக்குமாறு, கதவு மணி, பிரஷர் குக்கர் என்று எதையெல்லாம் அந்தச் சமயத்தில் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் பிறகு சாதாரணமாகிவிடும். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த நாய்க்கு ஐந்து வயதில் முதல்முறையாகக் கண்ணாடிக் கதவைப் பார்க்க நேர்கிறது. அதற்குக் கெட்டது நடந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் பெரிய சேதம். மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது எளிது. இங்கே முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் படிக்கிற வயது தாண்டிய பிறகு.

"அன்பு காட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறவர்களிடம் காட்டுவதற்காக ஓர் ஆய்வுக் கட்டுரையின் நகலை என் மேஜையில் வைத்திருக்கிறேன். மெக்மில்லன், டஃபி, செர்பல் மூவரும் 2011-ல் வெளியிட்டது. வணிகப் பண்ணைகளில் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்து, பிறகு வீடுகளுக்குத் தத்துப் போன 1,169 நாய்களைச் சாதாரண வீட்டு நாய்களோடு ஒப்பிட்டார்கள். பண்ணையிலிருந்து வந்தவற்றுக்குப் பயம் அதிகம், வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அதிகம், தொட்டால் கூசுவது அதிகம், வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அதிகம். மூர்க்கம் குறைவு. வருகிறவர்கள் விரல் வைத்துக் காட்டுவது இந்தக் கடைசி வரியைத்தான்: "பாருங்க, கடிக்காதுன்னு போட்டிருக்கே!" நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடத் துணிவில்லாத நாய்கள் அதில் எத்தனை இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு லூசியின் கதையைச் சொல்வேன். வேல்ஸில் ஒரு பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். நெருக்கடியான கூண்டிலேயே இருந்து முதுகெலும்பு வளைந்துபோன நாய் அது. 2016-ல் இறந்துவிட்டது. அதன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2020 ஏப்ரல் 6-ல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்கக் கூடாது, வளர்த்தவரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோதான் வாங்க வேண்டும். குட்டியை வாங்குகிறவர் தாயையும் பார்க்க முடிய வேண்டும் என்பது இதன் உள்நோக்கம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளும் குட்டியை மட்டும் பார்க்கிறவருக்கு அதன் தாய் எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை அல்லவா? எங்கள் கடைசி வரிசை முழுக்க அந்தத் தாய்கள்தான்.

கருத்தடை செய்யாமல் எந்த நாயையும் நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. இதில்தான் வாக்குவாதம் அதிகம் வரும். "இன்னைக்கே கூட்டிட்டுப் போறோம், ஆபரேஷன் அப்புறமா நாங்களே பண்ணிக்கறோம்" என்பார்கள். பருவம் முடிந்த கையோடு அறுவை செய்தால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். ஆகவே அவசரம் இல்லையென்றால் இரண்டு, மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார் எங்கள் மருத்துவர். கருத்தடை ஆகாத, வயதான பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. பெரும்பாலும் பருவம் முடிந்த சில வாரங்களில் வரும். தண்ணீர் நிறையக் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் அவ்வளவுதான் வெளியே தெரியும். சில மணி நேரம் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். மடியில் கட்டி இருக்கிறதா என்றும் மருத்துவர் ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்ப்பார். அப்படி வரும் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றாக இருக்கும்.

பொய்ச்சினை என்று ஒன்றும் இருக்கிறது. கருத்தரிக்காமலேயே, பருவம் முடிந்து இரண்டு மாத வாக்கில் பால் சுரந்து, குட்டி இருப்பதாகவே நடந்துகொள்ளும். ஷிட்சு இன நாய் ஒன்று எங்கள் ஆட்களின் ரப்பர் கையுறைகளைத் திருடித் திருடி மூலையில் சேர்த்து, அவற்றை வளைத்துப் படுத்திருந்தது. யாராவது கையுறையை எடுக்கப் போனால் முகவாயால் மெல்லத் தன் வயிற்றுப் பக்கம் தள்ளிக்கொள்ளும். பார்த்த தன்னார்வலர் ஒருவர் அழுதுவிட்டார். எனக்கோ, ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட வேண்டுமே என்ற கவலை. பொய்ச்சினை இருக்கும்போது அறுவை செய்தால் அது அடங்காமல் நீண்டுபோகலாம். இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால் அழுகைக்கு முன்னால் நாட்காட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? பரிதாபப்பட்டு எடுக்க வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இரக்கம் கெட்டதல்ல, ஆனால் அது கையை நீட்டச் சொல்லும், தூக்கி மடியில் வைக்கச் சொல்லும். தன்னை யாரும் கவனிக்காமல் விடுவதுதான் இந்த நாய்க்கு முதலில் வேண்டியிருக்கும். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒரே நேரத்துக்குச் சாப்பிட்டு, விருந்தாளிகள் அதிகம் வராத வீடுகளைத்தான் தேடுவேன். கேட்க சுவாரசியமில்லாத குடும்பமாகத் தெரியும், நாய்க்கு அதுவே சொர்க்கம். நிதானமான இன்னொரு நாய் அங்கே ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. மனிதரை நம்பாத நாய்கூட இன்னொரு நாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்: அது படி ஏறினால் இதுவும் ஒரு காலை வைத்துப் பார்க்கும், அது மனிதரின் கையை முகர்ந்தால் இதுவும் பின்னாலிருந்து கழுத்தை நீட்டும்.

சின்னப் பிள்ளைகள் இருந்த ஒரு வீட்டுக்கு அல்லியைத் தர மறுத்தபோது அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாய் குடுக்கறதுக்கு இவ்வளவு யோசனையா மேடம்? பொண்ணு பாக்க வந்தாக்கூட இத்தனை கேள்வி கேக்கமாட்டாங்க" என்றார். பிள்ளைகள் நல்லவர்கள்தான். அவர்கள் ஓடினார்கள், சிரித்தார்கள், அல்லி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டாள். முன் வரிசையில் எல்லோர் மேலும் தாவிக்கொண்டிருந்த ஒரு கலப்பு நாயைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் பார்த்தார், அன்று மாலையே மனைவியோடு வந்து படிவம் எழுதிக் கொடுத்தார்.

அல்லிக்கு ஒரு வயதான தம்பதி கிடைத்தார்கள். அவர்களிடம் மூத்த லாப்ரடார் ஒன்று இருந்தது. அந்த அம்மா காப்பகத்துக்கு வந்தபோதெல்லாம் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் சொல்லித்தரவில்லை. "உத்துப் பாத்தா யாருக்குத்தான் பிடிக்கும்?" என்றார். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அந்த வாக்கியத்துக்காக நான் முடிவு செய்துவிட்டேன்.

கொடுக்கும்போது நான் சொல்லி அனுப்புவதில் முக்கியமானது தப்பி ஓடுவதைப் பற்றி. இந்த நாய் கயிறு நழுவி ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வராது, பெயரே நேற்று வைத்ததுதானே! மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனி கயிறு. வாசல் கதவைத் திறக்குமுன் உள்கதவு சாத்தியிருக்க வேண்டும். வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் திட்டக் கூடாது. நின்ற இடத்திலேயே எல்லாம் செய்து பழகிய நாய்க்கு வெளியே போக வேண்டும் என்பதே புதுச் செய்தி. தடவும்போது மார்புப் பக்கம் இரண்டு நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், அது நெருங்கி வந்தால் மறுபடி, வராவிட்டால் விட்டுவிடுங்கள். பயம் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கிற அளவில் இருந்தால் மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேசத் தயங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பக உலகில் ஒரு கணக்கு புழங்குகிறது. முதல் மூன்று நாளில் பதற்றம் குறையும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பழகும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதாகும் என்று. சாதாரண நாய்களுக்குச் சரியாக இருக்கலாம். கடைசி வரிசை நாய்களை எடுப்பவர்களிடம் இதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். நாலாவது மாதத்தில் "எங்ககிட்ட ஏதோ தப்பு இருக்கு போல" என்று போன் வருகிறது. ஒரு தப்பும் இருக்காது. சில நாய்களுக்கு வருடங்கள் ஆகும், சில நாய்கள் கடைசிவரை விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில்தான் இருக்கும். அந்தக் கட்டிலுக்கடியும் அதனுடைய வீடுதான் என்று ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறவரிடம்தான் நாயைக் கொடுக்க வேண்டும்.

போன் செய்து விசாரிக்கும்போது "ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்று பதில் வந்தால் எனக்குக் கவலை. அந்த வீட்டை இன்னொரு முறை போய்ப் பார்க்கக் குறித்துக்கொள்வேன். செருப்பைக் கடித்தது, தலையணையைப் பிரித்தது, விடியற்காலையில் எழுப்பிவிட்டது என்று புகார் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவேன். அல்லி வீட்டிலிருந்து நீண்ட காலம் டிக் போடும்படி எதுவும் வரவில்லை. சாப்பிடுகிறாள், லாப்ரடார் பின்னாலேயே போகிறாள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். குரலில் பதற்றம். லாப்ரடார் வழக்கம்போல அல்லியின் துணிப் பொம்மையை எடுக்கப் போனதாம். அல்லி பொம்மைமேல் காலை வைத்து, பல்லைக் காட்டி உறுமிவிட்டாளாம்.

"பெரியவன் என்ன பண்ணான்?" என்று கேட்டேன்.

"அவன் பாட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துட்டான். எனக்குத்தான் பயமா இருக்கும்மா. இவ்வளவு நாள் வாயே திறக்காதவ. அதட்டி வைக்கட்டுமா?"

அதட்ட வேண்டாம் என்றேன். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழலாம். அதற்காகக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது. பொம்மைகளை இப்போதைக்கு எடுத்து வையுங்கள், இரண்டு பேருக்கும் சாப்பாட்டைத் தனித்தனி அறையில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் பயிற்சியாளரிடம் அந்த வாரத்திலேயே நேரம் வாங்கிக் கொடுத்தேன். வாயில் இருப்பதை விட்டுக்கொடுக்கப் பழக்கும் வகுப்பு அது. முன் வரிசையிலிருந்து போன நாய்களில் பாதி அதில்தான் இருக்கும்.