காட்டு வேலை செய்றவங்களுக்கும் வாக்கிங் வேணும்

ஊர்ல யார்கிட்ட வாக்கிங் போங்கன்னு சொன்னாலும் "காட்டுல பாடுபடுறவனுக்கு எதுக்குப்பா வாக்கிங்"னு தான் கேக்குறாங்க, ஆனா இப்ப உழவு டிராக்டர்ல, அறுப்பு மெஷின்ல, டீக்கடைக்குக்கூட வண்டியில தான் போறோம், அப்புறம் உடம்பு எங்க அசையுது? வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமா நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தினம் அரைமணி நேரம்னு அஞ்சு நாள் கம்மாக்கரையில நடந்தாலே கணக்கு சரியாப்போச்சு.

2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனா தலைசுத்தல் நின்னுடுச்சுன்னு மாத்திரைய பாதியில நிறுத்துறவங்களப் பாத்தா பயமா இருக்குங்க, தயவுசெஞ்சு டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க.

அக்காமார்களே, தனியா ரோட்டுல நடக்க கூச்சமா இருந்தா நாலு பேரா சேர்ந்து கிளம்புங்க, வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடலாம்.