நிலத்தின் விலை விழுந்தது, கடன் அப்படியே நின்றது

டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. நிலமும் பங்கும் உண்மை மதிப்பை மீறி ஊதிப் பெருத்து, பிறகு வெடித்த ஜப்பானின் சொத்துக் குமிழியைப் பற்றிப் பேசும் பலர் இந்த இரண்டு தேதிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் அந்நாட்டைப் பல ஆண்டுகள் முடக்கிப்போட்டது, நிலத்தை ஈடுவைத்து வாங்கிய கடன். பங்குச்சரிவு அதற்கு அடுத்துத்தான்.

1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க அமெரிக்காவும் ஜப்பான் உள்ளிட்ட நாடுகளும் சேர்ந்து செய்துகொண்ட பிளாசா உடன்பாடு கையெழுத்தானது. டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விகிதம் 1986 முடியும்போது 160 யென் பக்கம் வந்துவிட்டது. யென் வலுவானதால் ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். அவர்களைத் தாங்குவதற்காக ஜப்பான் மத்திய வங்கி, 5 விழுக்காடாக இருந்த வட்டியை ஐந்து முறை குறைத்து 1987 பிப்ரவரியில் 2.5 ஆக்கியது. 1989 மே வரை அதை உயர்த்தவே இல்லை. காரணம், 1987, 1988 இரண்டு ஆண்டுகளிலும் நுகர்வோர் விலைவாசி 1 விழுக்காடுகூட ஏறவில்லை. யென் வலுவாக இருந்ததால் இறக்குமதிப் பொருள்கள் மலிந்தன; விலைவாசி அமைதியாகத் தெரிந்தது. நுகர்வோர் விலைக் குறியீட்டில் நிலத்தின் விலையோ பங்கின் விலையோ சேராது. ஆறு பெருநகரங்களில் நிலமதிப்பு சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கானபோதும் பணவீக்கக் கணக்கில் அது தெரியாமல்போனது இதனால்தான்.

ஈட்டுக் கடன் எப்படிப் பெருகியது என்பதை எண்களில் பார்க்கலாம். நிலத்தின் மதிப்பில் 70 விழுக்காடு வரை கடன் தருவது அங்கே வங்கிகளின் வழக்கம். 10 கோடி யென் நிலத்துக்கு 7 கோடி. நிலம் 20 கோடியானால், அதே நிலத்தின் மேல் இன்னொரு 7 கோடி வாங்கி அடுத்த மனையை வாங்கலாம். அந்தப் பணமே அக்கம்பக்கத்து விலையையும் ஏற்றிவிடும். வங்கியின் ஏட்டில் விகிதம் இப்போதும் 70தான்; விதிமீறல் ஒன்றும் இல்லை. விலை 8 கோடிக்கு இறங்கும்போதுதான் 14 கோடிக் கடனுக்கு 6 கோடி ஈடு இல்லை என்பது வெளியே வரும். விகிதத்தை மட்டும் கவனித்து, மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடுவதுதான் இதில் பெரிய ஓட்டை. போட்டி முற்றியபோது பலர் அந்த 70ஐயும் தாண்டிக் கொடுத்தார்கள்.

1989 மே மாதம் தொடங்கிய வட்டி உயர்வு 1990 ஆகஸ்டில் 6 விழுக்காட்டை எட்டியது. இதற்கிடையே 1990 மார்ச்சில், ரியல் எஸ்டேட் கடனின் வளர்ச்சி மொத்தக் கடன் வளர்ச்சியைத் தாண்டக் கூடாது என்று நிதியமைச்சகம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் விவசாயக் கூட்டுறவுகளின் பணம் வீட்டுக்கடன் நிறுவனங்கள் வழியாகத் தொடர்ந்து நிலத்துக்கே போனது. அந்த நிறுவனங்களின் நட்டத்தைத் தீர்க்க 1996இல் 68,500 கோடி யென் வரிப்பணத்தைக் கொடுக்க வேண்டிவந்தது.

விலை சரியத் தொடங்கியபோதே வங்கிகள் நட்டத்தை ஒப்புக்கொண்டிருந்தால் காயம் சிறிதாகவே இருந்திருக்கும். செய்யவில்லை. நிலம் மீண்டும் ஏறும் என்று நம்பி, பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதுக் கடன் கொடுத்து, பிழைக்க வழியில்லாத நிறுவனங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். 1997 நவம்பரில் ஒரே மாதத்தில் சான்யோ செக்யூரிட்டீஸ், ஹொக்கைடோ தகுஷோகு வங்கி, யமாயிச்சி செக்யூரிட்டீஸ் ஆகிய மூன்று நிதி நிறுவனங்களும் சாய்ந்தன.

பணவாட்டம் வந்தது அதற்குப் பிறகு. 1999 முதல் 2003 வரை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி இறங்கியது. இறக்கம் 1 விழுக்காட்டுக்கும் குறைவுதான். இவ்வளவு சின்ன எண் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 10 கோடி யென் கடனை, 1,000 யென் விலையுள்ள பொருளை விற்று அடைக்க 1 லட்சம் பொருள் விற்க வேண்டும். விலை 900 ஆனால் 1,11,111 பொருள். கடன் பத்திரத்தில் எண் மாறவே இல்லை, சுமை மட்டும் கூடிவிட்டது. வட்டியும் அப்படித்தான். 2 விழுக்காடு வட்டி, 1 விழுக்காடு விலை இறக்கம் என்றால் உண்மை வட்டி 3. மத்திய வங்கி 1999 பிப்ரவரியில் குறுகியகால வட்டியைப் பூச்சியத்துக்கே கொண்டுவந்தது. அதற்குக் கீழே இறக்க அப்போது வழி தெரியவில்லை. லாபம் வந்த நிறுவனங்கள்கூடப் புதிதாகக் கடன் வாங்காமல் பழையதை அடைப்பதிலேயே இருந்தன. எல்லோரும் அடைத்தால் செலவழிப்பது யார்?

வாராக்கடனுக்கு வழி பிறந்தது 2002இல். பெரிய கடனாளிகளின் கடனை நிலமதிப்பை வைத்து எடைபோடாமல், வருங்கால வரவை வைத்து மதிப்பிடும்படி அரசு வங்கிகளுக்குச் சொன்னது. பெரிய வங்கிகளின் மொத்தக் கடனில் 8.4 விழுக்காடாக இருந்த வாராக்கடன் 2005 மார்ச்சில் 2.9க்கு இறங்கியது. இது 1992இலேயே செய்திருக்கக் கூடிய வேலை என்பதே என் வருத்தம்.

நம் ஊர் வீட்டுச் சந்தையிலும் வரவை வைத்துப் பார்க்கும் இதே முறையைக் கையாளலாம். 1 கோடி ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 20,000 என்றால் ஆண்டு வரவு 2.4 விழுக்காடு. கடன் வட்டி 8.5 என்றால் இடையிலுள்ள 6.1 விழுக்காட்டையும் விலை உயர்வுதான் தர வேண்டும். பராமரிப்பும் வரியும் தனி. அந்த வீட்டுக்கு 80 லட்சம் கடன் வாங்கியிருந்து விலை 20 விழுக்காடு இறங்கினால், கையிலிருந்து போட்ட 20 லட்சம் முழுதும் போய்விடும். வங்கிக்குக் கட்ட வேண்டிய 80 லட்சத்தில் ஒரு ரூபாயும் குறையாது.