தறிக்கூடத்து மேஸ்திரிகளுக்கு

சேலம் பக்கம் விசைத்தறிக் கூடச் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். உள்ளே நின்று ஒருவரைத் திருத்தப் போனால் கத்தத்தான் வேண்டும். அவர் காதில் அது திட்டாகவே விழும். டீக்கு வெளியே வரும்போது தனியாக, ஒரே ஒரு தவறைக் கேளுங்கள்: "பாவு இழை அறுந்தபடியே நாலு விரல் துணி ஓடியிருக்கே அண்ணே, என்னாச்சு?" பதில் வரும்வரை பேசாதீர்கள். பல சமயம் குற்றம் ஆளிடம் இருக்காது, பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், இழையை உறுதியாக்கும் கஞ்சி சரியாக ஏறியிருக்காது.

ஷிப்ட் மாறும்போது எந்தத் தறியில் இழை அறுகிறது என்று சிலேட்டில் எழுத வையுங்கள். அந்த இரைச்சலில் வாய்வார்த்தை நிற்காது.

காதுக்குப் பஞ்சு போதாது. நுரை இயர் பிளக்கை உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடிக்க வேண்டும். மேஸ்திரி போடாமல் வேறு யாரும் போடப்போவதில்லை.

ராத்திரி ஷிப்ட் முடித்தவரைக் காலை 10 மணிக்குப் போனில் கூப்பிடாதீர்கள். அவருக்கு அது நடுராத்திரி.