காரோ-கான் பழகுகிறேன்: எச்5 சிப்பாய் பார்த்த வேலை

செஸ்ஸில் சிசிலியன் தொடக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வெள்ளை இ4 (ராஜா முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடினால் கருப்பு சி6 என்று பதில் சொல்லும் காரோ-கான் தொடக்கத்தை ஆடப் பழகிக்கொண்டிருக்கிறேன். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை. வேலைக்குப் போய்வந்து, மிச்ச நேரத்தில் செஸ் படிக்கிறவனுக்கு இது தோது. பாளையங்கோட்டையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் (வேக ஆட்ட) போட்டியில் கருப்பில் இறக்கிப் பார்த்தேன். ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி சேரும். உலக ரேப்பிட் சாம்பியன்ஷிப்பிலும் இதே கணக்குதான்.

எதிரே தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. இ4 சி6, டி4 டி5, இ5 பிஷப் எஃப்5. உடனே எச்4 தள்ளினார். 1961 உலகப் பட்டப் போட்டியில் போட்வின்னிக்குக்கு எதிராகத் தால் ஆடிய வழி. சாதுவாகத் தெரியும். ஆனால் பழக்கதோஷத்தில் நான் இ6 வைத்தால் அவர் ஜி4 தள்ளி என் பிஷப்பை விரட்டுவார். பிஷப் இ4 போனால் எஃப்3, ஜி6-க்கு ஓடினால் எச்5. பிஷப் காலி!

நான் எச்5 வைத்தேன். அவர் பிஷப் டி3, நான் வெட்ட, அவர் ராணியால் வெட்டினார்; நான் இ6, அவர் பிஷப் ஜி5. ராணியை பி6-க்குக் கொண்டுபோனேன். அவர் குதிரையை டி2-இல் வைத்ததும் என் ராணியை ஏ6-க்கு நகர்த்தி ராணிமாற்றம் கேட்டேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு வெட்டினார்.

ராணி போனதும் ஆட்டம் எனக்கு வசதி. அவருடைய டி4, இ5 சிப்பாய்கள் கருப்புக் கட்டத்தில் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பிஷப்பும் கருப்புக் கட்டத்துக்காரன், சொந்தச் சிப்பாய்களே அதற்கு மறிப்பு. சி5 தள்ளி மையத்தை உடைத்துவிட்டு, குதிரையை இ7 வழியாக எஃப்5-இல் உட்காரவைத்தேன். சாதாரணமாக ஜி4 வைத்து அதை விரட்டலாம். இங்கே எச்5-இல் என் சிப்பாய் நிற்கிறதே! பிஷப்பைக் காப்பாற்ற வைத்தது, குதிரைக்கும் காவலாகிவிட்டது. டி4 விழுந்தது, அப்புறம் டி வரிசைச் சிப்பாய் ஓட ஆரம்பித்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

வெளியே டீக்கடையில் அனலைஸ் பண்ணும்போது, "அந்த எச்5-ஐ நான் ஒரு பொருட்டாவே நினைக்கல, பாத்தீரா?" என்றார். "எனக்கும் குதிரை போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, அண்ணாச்சி" என்றேன். ராணியை மாற்றாமல் வேறு பக்கம் இழுத்திருந்தால் சண்டை இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. இருக்கலாம்.

அடுத்து பார்க்க வேண்டியது, வெள்ளை டி5-இல் சிப்பாயை வெட்டி மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன். 1970-இல் பெல்கிரேடில் ஃபிஷர் பெட்ரோசியனை அடித்த பிஷப் டி3 வழியைப் பலகையில் வைத்திருக்கிறேன்.