கத்தரிக்காய் நறுக்கும்போது புரிந்த கடற்பஞ்சு

எம்.எஸ்சி. விலங்கியல் முதல் செமஸ்டரில் கடற்பஞ்சு என்ற கடல் விலங்கு தன்னுள் குடியிருக்கும் பாக்டீரியாவோடு நடத்தும் இணைவாழ்வு பற்றிய கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண். "பாக்டீரியா உணவு தரும், பஞ்சு இடம் தரும்" என்பதையே வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தேன், வேறென்ன கிடைக்கும்?

பாடம் பிடிபட்டது மேலூரில் எங்கள் வீட்டு அடுப்படியில். அம்மா கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். தோல் ஊதா, உள்ளே வெள்ளை. மத்தியதரைக் கடலின் பெட்ரோசியா என்ற பஞ்சும் ஏறக்குறைய இப்படித்தான். வெளிச்சம் படும் மேல் அடுக்கில் மட்டும் சயனோபாக்டீரியா, அதாவது செடிபோல ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா, குடியிருக்கும், ஊதா நிறம் அதனால் வருவது. உட்பகுதி வெளுப்பு. இருட்டுக் குகையில் வளர்ந்தால் முழுப் பஞ்சுமே வெள்ளை.

அன்றிலிருந்து இந்தப் பாடத்தை ஒரே கேள்வியோடு படித்தேன்: வெளிச்சத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? பெட்ரோசியா சமாளித்துக்கொள்ளும், தண்ணீரை வடிகட்டியே பிழைக்கும். அதே கடலின் காண்ட்ரில்லா என்ற இன்னொரு பஞ்சை இருட்டுக்கு மாற்றியபோது நலிந்துபோனது. ஆக, எல்லாப் பஞ்சும் குடியிருப்பவரை நம்பி வாழ்வதில்லை. இந்த ஒரு ஒப்பீட்டை எழுதினாலே விடை தனியாகத் தெரியும். கூடவே பஞ்சு ஆய்வாளர் வில்கின்சனின் 1983 ஆய்வையும் சேருங்கள்: ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் பரவலாக இருந்த 10 பஞ்சு இனங்களில் 6, தாங்கள் செலவழிப்பதைவிட அதிக ஆக்சிஜனை வெளியிட்டன. விலங்கு, ஆனால் கணக்கில் செடி! கொடுக்கல் வாங்கலையும் பொருளின் பெயரோடு எழுதுங்கள். பாக்டீரியாவிடமிருந்து கிளிசரால், பஞ்சின் கழிவிலிருந்து அம்மோனியா. சும்மா 'சத்து' என்று எழுதினால் மதிப்பெண் வராது. படம் போட்டால் மேல் அடுக்கைக் கட்டாயம் நிழலிட்டுக் காட்டுங்கள். துளை, கால்வாய் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்ததுதான்.

அடுத்த செமஸ்டர் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வைக்கும் மாதிரியாக, பாட்டிலில் ஒரு வெள்ளைப் பஞ்சு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ஏன் வெளுத்திருக்கு?" என்றார். எனக்கு ஒரே உற்சாகம்.

"குகையில எடுத்தது சார், சயனோபாக்டீரியா இல்ல."

அவர் பாட்டிலைத் தட்டிச் சிரித்தார். "ஸ்பிரிட்டுல பல வருஷமா கெடக்கு தம்பி. பச்சையமெல்லாம் அதுலயே கரைஞ்சு போச்சு."